பெட்டகத்துக்கு வந்த விக்கல்

பேசிப் பேசியே வீடு விற்ற தரகர்கள் எத்தனையோ பேர் உண்டு. வாயை மூடிக்கொண்டே வீடு விற்றவர் எங்கள் பகுதியில் ஒருவர்தான். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் அவர் மனைவிக்கே சட்டென்று நினைவுக்கு வராது. ஊர் அவரைப் பெட்டகம் என்றே கூப்பிட்டது. உள்ளே போனது வெளியே வராது என்பதால் வந்த பெயர்.

வீடு விற்கிறவர் எவரும் வெளியே ஒரு விலை சொல்வார், மனதுக்குள் வேறொரு விலை வைத்திருப்பார். வாங்குகிறவரும் அப்படித்தான். வெளியே சொல்வது ஊருக்கு. உள்ளே இருப்பது தரகருக்கு மட்டும். "இதுக்குக் கீழ முடியாதுங்க" என்று ஒருவரும், "இதுக்கு மேல என்னால ஆகாதுங்க" என்று இன்னொருவரும் காதோடு காதாகச் சொல்வார்களே, அதைப் பெட்டகம் உள்விலை என்பார். தலையைக் கூட ஆட்டாமல் கேட்டுக்கொள்வார். கேட்டதும் எச்சிலை விழுங்குவார். அத்தோடு சரி. அந்த விலை அவர் வயிற்றுக்குள் இறங்கிவிட்டது என்று அர்த்தம்.

அவருடைய தொப்பை சோற்றால் வந்தது என்று அவர் மனைவி நினைத்துக்கொண்டிருந்தாள். எங்களுக்கு நன்றாகத் தெரியும், அது ஊரார் ரகசியத்தால் வந்தது. ஒரு வீடு முடிந்தால் இடுப்புவாரில் ஒரு துளை தள்ளிப் போகும். செருப்புத் தைக்கிறவர் புதுத் துளை போடும்போதே, "யார் வீடுங்க முடிஞ்சுது?" என்று விசாரிப்பார். பெட்டகம் எச்சில் விழுங்குவார். அதற்கும் ஒரு துளை சேர்த்துப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

ஒரு தடவை ஒரு மருந்துக்கடைக்காரர் இவரிடம் தன் உள்விலையைச் சொல்லிவிட்டு வெளியூர் போனார். திரும்பி வந்தபோது சொன்ன விலை அவருக்கே மறந்துவிட்டது. நேராக வந்து, நான் கடைசியாக என்ன விலை சொன்னேன் என்று கேட்டார். பெட்டகம் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "அது ரகசியம்ங்க" என்றார். அந்த மருந்துக்கடைக்காரர் கோபித்துக்கொண்டு போகவில்லை. கை எடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். தன்னிடமிருந்தே தன்னைக் காப்பாற்றும் ஒரு மனிதரை யார்தான் கும்பிடமாட்டார்கள்?

அவருக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு. ஒரு வீட்டில் ஒரு பக்கம்தான் நிற்பார். விற்கிறவருக்கு ஆளாகப் போனால் வாங்குகிறவரைப் பார்த்து, "உங்களுக்குன்னு ஒருத்தரை வெச்சுக்கோங்க" என்று சொல்லிவிடுவார். மற்ற தரகர்களுக்கு இது வேடிக்கை. இரண்டு பக்கமும் நின்றால் இரண்டு பக்கமும் கூலி. கையில் விழுவதைத் தட்டிவிடுகிறானே, இவன் பிழைக்கத் தெரியாதவன் என்று அவர்கள் சிரிப்பார்கள். அதிலும் இடி என்று ஒரு தரகர் இருந்தார். அவர் மெல்லப் பேசினாலே மாடியில் பாத்திரம் அதிரும். இடிக்கும் பெட்டகத்துக்கும் ஏழாம் பொருத்தம். பெட்டகம் இருக்கிற தெருவில் இடி நடக்கக்கூட மாட்டார்.

இப்படி இருந்த மனிதர் ஒரே ஒரு தடவை இரண்டு பக்கமும் நின்றார். அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

பெட்டகத்துக்கு ஓர் அக்கா. திரைச்சீலை தைப்பவள். ஊரில் எந்த ஜன்னலைப் பார்த்தாலும் அதை மூடியிருப்பது அவள் கைவேலையாகத்தான் இருக்கும். அவள் வீடு இரண்டு பெரிய வீடுகளுக்கு நடுவே, அலமாரியில் செருகிவைத்த புத்தகம் போல ஒடுக்கமாக நின்றது. கீழே தையல் அறையும் அடுப்படியும். படுக்கை, குளியல் எல்லாம் மேலே. நடுவில் ஒரு மரப்படி. அது நேராக ஏறினாலும் பரவாயில்லை. பாதியில் ஒரு திருப்பம் திருப்பி, மூச்சு வாங்க வைத்துத்தான் மேலே விடும்.

அக்காவின் கணவர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓடுகிற வண்டியில் காலமெல்லாம் நின்றே உழைத்த முழங்கால்கள், வீட்டுக்கு வந்ததும் எங்களுக்கும் ஓய்வு வேண்டும் என்று கேட்டுவிட்டன. ஒரு நாள் மேலே ஏறினவர் அதற்குப் பிறகு இறங்கவில்லை. மேல் மாடி ஜன்னலோரம் ஒரு நாற்காலி. அதில் உட்கார்ந்தபடி தெருமுனையில் திரும்பும் பஸ்ஸின் சத்தத்தை வைத்தே அது எங்கே போகிறது, பிரேக் எப்படி இருக்கிறது, டிரைவர் இன்று மனைவியோடு சண்டை போட்டாரா என்பதுவரை சொல்வார். கீழே போகிறவர்களெல்லாம் அண்ணாந்து பார்த்துக் கையசைப்பார்கள். அவரும் அசைப்பார். முகங்களை மறந்துபோய் உச்சந்தலைகளை வைத்தே ஆட்களை அடையாளம் கண்டுபிடிக்கிற நிலைக்கு வந்துவிட்டார் மனிதர்.

அக்கா சாப்பாடு, வெந்நீர், மருந்து, செய்தித்தாள் என்று எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு ஏறி இறங்கினாள். அவள் முழங்காலும் முணுமுணுக்கத் தொடங்கியபோதுதான் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வீடு கண்ணில் பட்டது. தரைத்தளம். கதவைத் திறந்தால் தெரு. படி என்று சொல்ல வாசலில் ஒரு கல்கூடக் கிடையாது. அந்த வீட்டுக்காரர், வேறொரு குடும்பமும் கேட்கிறார்கள், சனிக்கிழமைவரை காத்திருக்கிறேன், அதற்குமேல் என்னைக் குற்றம் சொல்லக்கூடாது என்றார். அதை வாங்க வேண்டுமானால் இந்த வீட்டை விற்றாக வேண்டும். தம்பியைத் தவிர வேறு யாரிடம் போவாள்? வெளிவிலை ஒன்று வைத்தாள். உள்விலையைத் தம்பி காதில் சொன்னாள். தம்பி எச்சில் விழுங்கினார். இதுவரை எல்லாம் ஒழுங்கு.

வீட்டைப் பார்க்க முதலில் வந்த ஆள், பெட்டகத்தின் மனைவிக்கு உடன்பிறந்த தம்பி.

அவனைப் பல்செட் என்பார்கள். பல் டாக்டர்களுக்குப் பொய்ப்பல் வரிசை செய்து கொடுப்பவன். அவன் இருந்த வாடகை வீட்டை இடிக்கப் போகிறார்கள். இந்த வீட்டின் தையல் அறைக்குள் நுழைந்து, வெயில் படாமல் வெளிச்சம் மட்டும் விழுகிற அந்தப் பெரிய ஜன்னலைப் பார்த்ததும் அவன் மயங்கிவிட்டான். பல்லின் நிறம் பார்க்க அப்படி ஒரு வெளிச்சம் கிடைப்பது தவமிருந்தாலும் நடக்காது என்றான். அவனுக்குக் கால் நன்றாக இருந்தது. அந்த மரப்படியைப் பார்த்து, உடம்புக்கு நல்லது என்றும் சொன்னான்.

பெட்டகம் வழக்கம்போல, உனக்கென்று ஒரு ஆளை வைத்துக்கொள் என்றார். அன்று சாயங்காலம் அவர் வீட்டு அடுப்படியில் பாத்திரங்கள் கொஞ்சம் அழுத்தமாகவே வைக்கப்பட்டன.  பிறகு மனைவி பேசினாள்.

"உங்க அக்காவுக்குன்னா நீங்க. என் தம்பிக்குன்னா மட்டும் யாரோ ஒரு மூணாவது மனுஷனா?"

 தொழில் ஒழுங்கு, கட்டுப்பாடு என்று அவர் ஏதோ ஆரம்பித்தார். "சரிங்க, இனிமே என் தம்பி இந்த வாசப்படி மிதிக்க மாட்டான்" என்று அவள் முடித்தாள். மறுநாள் பல்செட் வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, "அத்தான், வெளிய நான் சொல்ற விலை வேற. ஆனா மனசுக்குள்ள..." என்று காதில் சொன்னான். பெட்டகம் எச்சில் விழுங்கினார்.

அந்த விழுங்கல் பாதியிலேயே திரும்பி வந்தது, விக்கலாக.

நான் கேட்ட விக்கல்களிலேயே அப்படி ஒன்று கிடையாது. பக்கத்து வீட்டில் நின்றுபோயிருந்த சுவர்க்கடிகாரம் ஓட ஆரம்பித்தது. எதிர்வீட்டுப் பூனை மதிலிலிருந்து விழுந்தது. பூனை விழுந்து நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன். தண்ணீர் குடித்தார், மூச்சை அடக்கினார், சர்க்கரையை வாயில் போட்டார். பயம் காட்டினால் நிற்கும் என்று பல்செட் தான் செய்த ஒரு பல்வரிசையை அவர் முகத்துக்கு நேரே கடகடவென்று கடிக்க விட்டான். பெட்டகம் பயந்தார், ஆனால் விக்கல் பயப்படவில்லை. யாரோ நினைக்கிறார்கள், அதான் விக்குகிறது என்றாள் மனைவி. ஒரு பக்கம் அக்காவும் மறுபக்கம் பல்செட்டும் ஒரே நேரத்தில் நினைத்தால் மனிதர் என்ன ஆவார்?

எனக்கு வேறு கணக்கு. ஒரு விலை வயிற்றுக்குள் போனால் படுத்துக்கொள்ளும். அக்காவின் உள்விலை ஏற்கெனவே அங்கே கால் நீட்டிப் படுத்திருந்தது. அதன் மேலேயே பல்செட்டின் உள்விலை போய் விழுந்தால்? இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. ஒன்று, நான் இறங்கத் தயார் என்றது. மற்றது, நான் ஏறத் தயார் என்றது. இரண்டும் சந்தோஷமாகக் கை குலுக்கிக்கொள்ளும் ஓசைதான் விக்கல்.

வேடிக்கை இனிமேல்தான்.

அக்கா தம்பியைத் தோளில் போட்டு வளர்த்தவள். அவன் எதையாவது மறைத்தால் தொண்டையில் தெரியும் என்பது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். அவள் ஊசியில் நூல் கோத்தபடி, நாள் நெருங்குகிறதே, விலையைக் கொஞ்சம் குறைத்துவிடலாமா என்றாள். அவள் குறைக்க வேண்டியதே இல்லை என்பது தம்பிக்குத் தெரியும். வாயால் சொல்லக்கூடாது. சொன்னால் மனைவியின் தம்பியைக் காட்டிக்கொடுத்தது ஆகும். ஆனால் விக்கல் வந்தது. அக்கா ஊசியைக் கீழே வைத்தாள். "சரி, குறைக்கல" என்றாள்.

பெட்டகம் அங்கிருந்து பல்செட்டைப் பார்க்கப் போனார். அவனோ, "அத்தான், போகட்டும், கொஞ்சம் ஏத்திக் குடுத்துடலாமா?" என்றான். ஏற்ற வேண்டியதே இல்லை என்பதும் பெட்டகத்துக்குத் தெரியும். வயிறு ஒரு குதி குதித்தது. பல் பார்த்துப் பிழைக்கிறவனுக்குத் தொண்டை பார்க்கத் தெரியாதா? "புரிஞ்சுது அத்தான், ஏத்தல" என்றான்.

இப்படியாக வாயைத் திறக்காமலேயே இரண்டு பக்கத்துக்கும் உண்மையைச் சொல்லிவிட்டது வயிறு. அதன் பலன் என்ன? இறங்கத் தயாராக இருந்தவள் இறங்கவில்லை. ஏறத் தயாராக இருந்தவன் ஏறவில்லை. விலை அந்த மரப்படியின் திருப்பத்தில் மாட்டிக்கொண்ட கட்டில் போல நடுவிலேயே நின்றது. சனிக்கிழமை நெருங்கி வந்தது. மேல் மாடியில் கண்டக்டர், தன் பழைய விசிலைத் துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, புறப்படுகிற நாளுக்குத் தயாராக உட்கார்ந்திருந்தார். யாரும் அவரிடம் விஷயம் தட்டிப்போகிறது என்று சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பெட்டகம் அக்கா வீட்டுக்கு வந்தார். முந்தின நாள் அந்தத் தரைத்தள வீட்டைப் பார்க்க அந்த இன்னொரு குடும்பம் அளவு நாடாவோடு வந்து போனதாம். அக்கா அதைச் சொல்லிவிட்டு, தொழில் தெரிந்தவன் நீ சொல், நான் என்ன செய்யட்டும் என்று கேட்டாள். அவர் பல்செட் வெளியே சொன்ன பழைய விலையையே திருப்பிச் சொன்னார். அக்கா மறுபடியும் கேட்டாள். அவர் மறுபடியும் அதையே சொல்லி விக்கினார்.

அக்கா திரைச்சீலையை மடியிலிருந்து தள்ளினாள். "ஊர்ல இருக்கறவங்களுக்கெல்லாம் புத்தி சொல்ற. எனக்கு மட்டும் அவன் சொன்னதை இங்க கொண்டாந்து குடுக்கற, நான் சொன்னதை அங்க கொண்டுபோய்க் குடுக்கற. நீ எனக்குத் தரகராடா, தபால்காரரா?"

பெட்டகம் படியேறினார். திருப்பம்வரைதான் போனார். மேலேயிருந்து கண்டக்டர், "வா மச்சான், எப்ப புறப்படறோம்?" என்று குரல் கொடுத்தார். கீழே அக்கா தையல் மிஷினை மிதிக்கிறாளே தவிர அதில் துணி இல்லை. வெறும் ஊசி ஏறி இறங்குகிற சத்தம். நடுப்படியில் அந்தப் பெரிய மனிதர் உட்கார்ந்துவிட்டார்.

அவர் நினைத்திருந்தால் ஒரு சொல் போதும். பல்செட்டிடம், கொஞ்சம் ஏறு என்றால் ஏறுவான், அக்கா பிழைப்பாள். அக்காவிடம், கொஞ்சம் இறங்கு என்றால் இறங்குவாள், பல்செட் பிழைப்பான். எதைச் சொன்னாலும் ஊர் பாராட்டும். சொந்தக்காரர்களுக்குள் சுமுகமாக முடித்துவைத்தார் என்று சொல்லும். ஆனால் எந்தச் சொல்லைச் சொன்னாலும், தன் காதில் சொன்ன ஒரு ஆளின் நம்பிக்கையை எடுத்து இன்னொரு ஆளுக்கு விற்றதாகிவிடும். சொல்லாமலே இருந்தால் மேலே இருப்பவர் மேலேயே இருப்பார். வாயைத் திறந்தாலும் குற்றம், மூடினாலும் குற்றம். ஒரு பக்கம் மட்டும் நின்ற காலத்தில் அவருடைய மௌனம் யாரையும் நோகடித்ததில்லை. இரண்டு பக்கம் நின்றதும் அதே மௌனம் இரண்டு பக்கமும் கூராகிவிட்டது.

நான் எதிர்வீட்டில்தான் இருந்தேன். திறந்திருந்த கதவு வழியாக அவர் அந்தப் படியில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். பிறகு அவர் எழுந்ததையும் பார்த்தேன். மலை எழுந்தது போல இருந்தது.

போனவர், சாப்பாட்டு நேரம் முடிந்ததும் மூன்று பேரோடு வந்தார். ஒருவன் பல்செட். இன்னொருவர், நீங்கள் நம்பினாலும் நம்பாவிட்டாலும், இடி. பெட்டகமே அவர் வீட்டு வாசலில் போய் நின்று, தலை குனிந்து, கூப்பிட்டுக்கொண்டு வந்திருந்தார். மூன்றாவது, பூனை என்று ஊர் கூப்பிடும் ஒரு தரகர் அம்மாள். அவர் வருவதும் போவதும் யாருக்கும் கேட்காது. பேச்சும் அப்படித்தான், மெதுவாக வந்து மடியில் உட்காரும்.

தையல் அறையில் எல்லோரையும் உட்கார வைத்துவிட்டுப் பெட்டகம் நின்றபடியே சொன்னார்.

"உங்க ரெண்டு பேர் மனசுல இருக்கறதும் எனக்குத் தெரியும். அதனாலேயே ரெண்டு பேருக்கும் நான் உதவாதவனாப் போயிட்டேன். அக்கா, இனிமே இடி உன் ஆள். மாப்ளே, இந்த அம்மா உன் ஆள். உள்விலையைப் புதுசாச் சொல்லுங்க, அவங்கவங்க ஆளுக்கு மட்டும். நான் யார்கிட்டயும் எதுவும் சொல்லல, சொல்லவும் மாட்டேன். கூலியும் எனக்கு வேண்டாம்." பேசி முடிப்பதற்குள் விக்கல் அவரை ஜன்னல்வரை தள்ளிக்கொண்டு போய்விட்டது.

அக்காவின் முகம் வாடிவிட்டது. தம்பி கை கழுவுகிறான் என்று நினைத்தாள். இடிக்கோ வாழ்நாள் ஆசை. பெட்டகத்தின் வயிற்றிலிருந்து ஒரு பருக்கையாவது எடுக்க வேண்டும் என்று எத்தனையோ வருஷமாகக் காத்திருந்தவர். அருகில் போய், தனக்குத் தெரிந்த ரகசியக் குரலில், அதாவது தெருமுனைக்குக் கேட்கிற மாதிரி, "ஒரு குறிப்பாவது குடுய்யா, ஏறுவாங்களா மாட்டாங்களா?" என்றார். பெட்டகம் விக்கினார். "ஓஹோ" என்றார் இடி. பூனை காதை நிமிர்த்தினார்.

பெட்டகத்துக்குப் புரிந்துவிட்டது. தான் அந்த வீட்டில் மட்டுமில்லை, விக்கல் கேட்கிற தூரத்திலேயே இருக்கக்கூடாது. விடுவிடுவென்று வெளியே போனார். தெருமுனையில் வந்த பஸ்ஸில் ஏறினார். மேல் மாடி ஜன்னலிலிருந்து கண்டக்டர், "அது நேரா கடைசி ஸ்டாப்தான் போகும் மச்சான், நடுவுல திரும்பாது" என்று கத்தியது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. அதற்காகத்தான் அவரும் ஏறினார்.

அந்தப் பஸ்ஸில் போனவர்கள் பிறகு சொன்னதை வைத்துச் சொல்கிறேன். அவர் விக்கும்போதெல்லாம் டிரைவர், கியர் தட்டுகிறது என்று நினைத்து வண்டியை ஓரம் கட்டினாராம். தொட்டிலில் ஆட்டினாலும் தூங்காத ஒரு குழந்தை, அந்தக் குலுக்கலில் தூங்கியதாம். கடைசி நிறுத்தத்தில் அவர் இறங்கவில்லை. அதே வண்டியில் திரும்பினார், மறுபடியும் போனார்.

இங்கே வீட்டில் நடந்ததற்கு நானே சாட்சி. இடி முழங்கினார். பூனை காலடியில் சுற்றிச் சுற்றி வந்தார். அக்கா அடுப்படியில் இடியிடம் தனியாகப் பேசினாள். பல்செட் வாசலில் பூனையிடம் குசுகுசுத்தான். இத்தனை நாள் யாரும் அக்காவிடம் சொல்லாத சொல்லை இடி சொன்னார்: "அம்மா, இப்ப இறங்காதீங்க. நான் சொல்லும்போது ஒரு படி இறங்குங்க. அதுக்குமேல நான் பார்த்துக்கறேன்." அதேபோல ஏதோ ஒன்றைப் பூனையும் பல்செட்டிடம் சொல்லியிருக்க வேண்டும். அவன் முகத்தில் முதல் முறையாகப் பல் தெரிந்தது. தனக்கென்று ஒரு ஆள் இருந்தால் மனிதர்களுக்கு என்ன தைரியம் வருகிறது பாருங்கள். வெயில் சாய்வதற்குள் ஒருவர் படி இறங்கினார், ஒருவர் படி ஏறினார், அந்தக் கட்டில் திருப்பத்தைத் தாண்டிவிட்டது. இருவரும் ஒப்புக்கொண்டு கை நீட்டினார்கள்.

அந்தக் கணத்தில் பஸ் ஒரு பாலத்தின் மேல் போய்க்கொண்டிருந்ததாம். பெட்டகம் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். வண்டி முழுக்க அமைதி. பக்கத்தில் இருந்தவர், "என்னங்க, நின்னுடுச்சா?" என்று கேட்டார். பெட்டகம் ஜன்னல் வழியாகத் தண்ணீரைப் பார்த்தபடி, "முடிஞ்சுடுச்சு" என்றார். அவருக்கு யார் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை. நான் இதைப் படித்தவர்களிடமும் சொல்லிப் பார்த்துவிட்டேன். அவர்களாலும் விளக்க முடியவில்லை.

சனிக்கிழமை காலை தரைத்தள வீடு அக்காவுடையது ஆயிற்று. சாமான் ஏற்றிய நாளில் கண்டக்டரை நாற்காலியோடு சேர்த்து நான்கு பேர் தூக்கினார்கள். முன்கால் இரண்டும் பெட்டகத்தின் கையில். அந்தத் திருப்பத்தில் அவருடைய தொப்பை மாட்டிக்கொண்டது. கண்டக்டர், "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல நிக்காதீங்க" என்று பழைய குரலில் சொல்லி எல்லோரையும் இறக்கினார். தெருவில் கால் பட்டதும் எதிரே நின்ற ஆட்களின் முகங்களை, ஒவ்வொன்றாக, புதுசு மாதிரி பார்த்தார். என்னைப் பார்த்து, "உங்களுக்கு மூக்குக்கண்ணாடி எப்ப வந்துச்சு?" என்று கேட்டார்.

புது வீட்டு வாசலில் நாற்காலியைப் போட்டார்கள். ஒரு பஸ் வந்தது. கை தானாகச் சட்டைப் பைக்குப் போய், விசிலை எடுத்து ஒரு ஊது ஊதினார். பஸ் நின்றது. டிரைவருக்கே ஏன் நிறுத்தினோம் என்று தெரியவில்லை. "ரைட், போகலாம்" என்றார் கண்டக்டர். பஸ் போயிற்று.

சாமான்களெல்லாம் உள்ளே போனபிறகு அக்கா தம்பிக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்தாள். கையில் கொடுக்கவில்லை. பிடித்துக்கொண்டே நின்றாள். கொஞ்ச நாளாகவே அவள் மனதில் அரித்த கேள்வி அது.

"டேய், உண்மையச் சொல்லு. இடி இன்னும் கொஞ்சம் இழுத்துப் பிடிச்சிருந்தா, அவன் மேல குடுத்திருப்பானா?"

உள்ளே, சமையல் பாத்திரத்தை அடுக்கிக்கொண்டிருந்த பெட்டகத்தின் மனைவியின் கையும் நின்றது. அவளுக்கும் ஒரு கேள்வி உண்டு, எதிர்ப்பக்கத்துக் கேள்வி: என் தம்பி இன்னும் கொஞ்சம் குறைத்திருக்கலாமோ? நாங்கள் யாரும் அவர் வாயைப் பார்க்கவில்லை. எல்லோரும் தொண்டையைப் பார்த்தோம்.

தொண்டைக்குமிழ் மெல்ல மேலே ஏறியது. அங்கேயே நின்றது. நெற்றியில் வேர்த்தது. கண் கொஞ்சம் கலங்கியது. தெருவில் போன சைக்கிள்கூட நின்றுவிட்டது போல எனக்குத் தோன்றியது. பிறகு அந்தக் குமிழ், கனமான பெட்டியைக் கயிறு கட்டிக் கிணற்றுக்குள் இறக்குவது போல, சத்தமே இல்லாமல், கீழே, கீழே இறங்கியது. இடுப்புவார் மட்டும் ஒரு சின்ன முனகல் முனகியது.

எங்கள் பகுதியில் எனக்குத் தெரியாத விஷயம் என்று அது ஒன்றுதான் இருக்கிறது. இன்றுவரை தெரியாது.

அக்கா தம்பியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு டம்ளரை நீட்டினாள்.

"குடி" என்றாள். "விக்கல் வந்துடப் போகுது."